ஒரு பிளொப்பிக்குள் எத்தனை அம்மா?

போன மாதம் திரும்பவும் வீடு மாறினோம். பாரிசுக்கு வந்த பிறகு இது எட்டாவது வீடு. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று குப்பைக்குப் போகும். ஒரு சப்பாத்துப் பெட்டி மட்டும் போகாது. அதற்குள் என்ன கிடக்கிறது என்று மனுசிக்குத் தெரியும், அதனால் எறியச் சொல்லமாட்டா. இந்த முறை சாமான் கட்டும்போது மகன் அதைத் திறந்துவிட்டான்.

உள்ளே பதினொரு பிளொப்பி, மூன்று சீடி, ஒரு கசற். அவ்வளவுதான்.

மகன் பிளொப்பி ஒன்றைத் தூக்கி, அந்தத் தகட்டை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தான். (எனக்கும் அது ஒரு காலத்தில் விருப்பமான விளையாட்டு.)

"இதுக்குள்ள எத்தனை கோ கொள்ளும் அப்பா?"

பிரான்சில் இல்லாத ஆட்களுக்கு ஒரு விளக்கம். இங்கே பைட் என்று சொல்லமாட்டார்கள், ஒக்தே என்பார்கள். அதனால் மெகாபைட் இங்கே மோ, ஜிகாபைட் கோ. வந்த புதிதில் கடைக் கண்ணாடியில் 'மோ' என்று போட்டிருந்ததைப் பார்த்து ஏதோ கொம்பனிப் பெயராக்கும் என்று நினைத்த ஆள் நான்.

"கோ இல்லையடா, மோ. ஒண்டு தசம் நாலு நாலு மோ."

"முழுக்கவோ?"

"முழுக்கத்தான்."

விழுந்து விழுந்து சிரித்தான். அவனுடைய போனில் எடுக்கிற ஒரு படம் 4 மோ வரும். தன்னுடைய சாப்பாட்டுக் கோப்பையை அவன் ஒருக்காப் படம் பிடித்தால், அதைக் கொண்டு திரிய எனக்கு மூன்று பிளொப்பி வேண்டும்.

எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்துவிட்டது. 1998 இல் இங்கே ஒரு பழைய கொம்பியூட்டர் வாங்கி, பாமினியில் தட்டித் தட்டித் தமிழ் பழகினவன் நான். எங்கள் ஊர்ப் பழைய மாணவர்கள் சேர்ந்து போட்ட மலர் முழுவதும் இரண்டே இரண்டு பிளொப்பியில் அச்சகத்துக்குப் போனது. அதைச் சொன்னேன். அவன் கேட்கிற மாதிரித் தெரியவில்லை. தன்னுடைய கமராவிலிருந்து ஒரு மைக்ரோ காட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான். நீளம் 15 மில்லிமீற்றர், அகலம் 11, தடிப்பு 1. சின்னி விரல் நகம்தான் கணக்கு. 256 கோ.

"இதுக்கு உங்கட பிளொப்பி எத்தனை வேணும்?"

சாமான் கட்டுவதை விட்டுவிட்டு, பெட்டி மட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போடத் தொடங்கினோம்.

முதலில் பிளொப்பி. 1.44 என்பதே ஒரு வேடிக்கையான எண். தட்டின் ஒரு பக்கத்தில் 80 வட்டம், வட்டத்துக்கு 18 துண்டு, துண்டுக்கு 512 பைட், அப்படி இரண்டு பக்கம். பெருக்கினால் 1,474,560 பைட். இதை முதலில் 1024 ஆல் பிரித்து 1440 ஆக்கி, பிறகு 1000 ஆல் பிரித்து 1.44 என்று எழுதிவிட்டார்கள். தராசின் ஒரு தட்டில் இறாத்தல் படியும் மற்றத் தட்டில் கிலோப் படியும் போட்டு நிறுத்தது மாதிரி. உலகம் முழுவதும் அந்த எண்ணைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருந்தது.

காட்டிலும் இதே கூத்து உண்டு. 256 என்று எழுதி விற்கிறார்கள். சில கொம்பியூட்டரில் போட்டால் 238 என்றுதான் காட்டும். மகன் இவ்வளவு நாளும் கடைக்காரன் 18 கோவை அமத்திவிட்டான் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒருவரும் அமத்தவில்லை. விற்கிறவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், கொம்பியூட்டர் 1024 ஆல் பிரித்துக் காட்டுகிறது.

சரி, விடை. ஒரு நகத்தளவு காட்டுக்கு 173,612 பிளொப்பி வேண்டும். ஒரு பிளொப்பியின் தடிப்பு 3.3 மில்லிமீற்றர். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் 573 மீற்றர். ஐபிள் கோபுரம் 330 மீற்றர். ஒன்று 20 கிராம் என்று வைத்தாலும் எல்லாம் சேர்ந்து மூன்றரைத் தொன். ஒன்றை எழுதி எடுக்க ஒரு நிமிடம் என்றால், நித்திரை கொள்ளாமல் மாற்றி மாற்றிப் போட்டாலும் 120 நாள்.

"சீடியில?"

அதுவும் பார்த்தோம். 80 நிமிட சீடியில் 360,000 துண்டு, துண்டுக்கு 2048 பைட். பெருக்கி, பிளொப்பிக் கணக்கால் பிரித்தால் 500 வருகிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை, சரியாக 500. இப்படி ஒரு எண் தானாக வந்து விழும்போது வருகிற சந்தோசம் இருக்கிறதே! அந்தக் காட்டுக்கு 348 சீடி. வெறும் தட்டாக அடுக்கினால் 42 சென்ரிமீற்றர் உயரம். கோபுரத்தை விட உயரமாய் இருந்தது ஒரு கதிரை உயரத்துக்கு வந்து, பிறகு நகத்துக்கு வந்துவிட்டது.

பின்னுக்கும் கொஞ்சம் போய்ப் பார்த்தோம். ஐபிஎம் 1928 இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 எழுத்து. அந்த அட்டைகள் என்றால் 320 கோடி வேண்டும், அடுக்கினால் ஏறத்தாழ 570 கிலோமீற்றர். விண்வெளி நிலையம் சுற்றுகிற உயரமே 400 கிலோமீற்றர் அளவில்தான். அதே ஐபிஎம் 1956 இல் விட்ட முதல் ஹாட் டிஸ்க், 24 அங்குலத் தட்டுகள் ஐம்பதை ஒன்றாகக் கோத்த ஒரு இரும்பு அலுமாரி, பிடித்தது 50 இலட்சம் எழுத்து. மகனுடைய சாப்பாட்டுக் கோப்பைப் படம் அதற்குள் போகாது.

இவ்வளவும் பகிடி. இதற்குப் பிறகுதான் நான் ஒரு வேலை செய்தேன்.

"தமிழில உனக்குத் தெரிஞ்ச ஒரு சொல்லு எழுது பாப்பம்" என்றேன். அவன் 'அம்மா' என்று எழுதினான்.

பாமினியில் அம்மாவுக்கு ஐந்து தட்டு. எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கொம்பியூட்டருக்கு அது ஐந்து ஆங்கில எழுத்து, ஐந்து பைட். அது அம்மா என்று எழுத்துருவுக்கு மட்டும்தான் தெரியும், கொம்பியூட்டருக்குத் தெரியாது. யுனிகோட்டில் அ, ம, புள்ளி, ம, கால் என்று அதே ஐந்துதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். அம்மாவுக்கு 15. இங்கிலிசுக்காரனின் மதருக்கு ஆறு. யுனிகோட் வந்த காலத்தில் இது தமிழுக்குச் செய்த அநியாயம், எங்கட மொழிக்கு மாத்திரம் மூன்று மடங்கு வாடகையோ என்று சண்டை பிடித்தவர்களில் நானும் ஒருவன்.

ஒரு பிளொப்பிக்குள் எத்தனை அம்மா எழுதலாம்? 1,474,560 ஐ 15 ஆல் பிரியுங்கள். 98,304. இதுவும் மிச்சமில்லாமல் போகிறது.

நான் இடத்துக்காகச் சண்டை பிடித்தேன். ஆனால் கடைசியில் என்ன நடந்தது? சப்பாத்துப் பெட்டியில் இருந்த பதினொரு பிளொப்பியையும், யூஎஸ்பியில் குத்துகிற ஒரு பழைய டிரைவ் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தோம். நாலு வாசிக்கவே இல்லை. ஏழு திறந்தது. திறந்ததில் முழுக்க எம், கே, அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவைத் தேடிப் போட்ட பிறகுதான் தமிழாகியது. சிக்கனமாக எழுதியது அவ்வளவும் வாசிக்க ஆளில்லாத மாதிரிக் கிடந்தது.

இடத்தைப் பற்றி நினைத்தபோது யாழ்ப்பாண நூலகம் ஞாபகம் வந்தது. 1981 மே மாதத்தின் கடைசி இரவு கொளுத்தப்பட்டபோது அங்கே ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் இருந்தன. 300 பக்கப் புத்தகம், பக்கத்துக்கு 1,500 எழுத்து, எழுத்துக்கு மூன்று பைட் என்று வைத்தால் ஒரு புத்தகம் 13 இலட்சத்து 50 ஆயிரம் பைட். ஒரு பிளொப்பிக்குள் ஒரு புத்தகம், அளவெடுத்துத் தைத்த மாதிரி. 97,000 பிளொப்பி. அடுக்கினால் 320 மீற்றர், கிட்டத்தட்ட ஐபிள் கோபுரம். அந்தக் காட்டில் பாதி.

மகன் காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பாதிதானா?" என்றான்.

பாதிதான். எரிந்த ஏட்டுச் சுவடிகளையும் பழைய பத்திரிகைகளையும் படமாகப் பிடித்திருந்தால் இன்னும் எத்தனையோ காட் வேண்டியிருக்கும், அது வேறு கணக்கு. ஐபிஎம்மின் முதல் வீட்டுக் கொம்பியூட்டர் அறிவிக்கப்பட்டது அதே வருடம் ஓகஸ்டில். நூலகம் எரிந்து இரண்டரை மாதத்துக்குப் பிறகு. ஆனால் கொம்பியூட்டர் பிந்தி வந்ததால் அந்தப் புத்தகங்கள் அழியவில்லை. வேறெங்கும் ஒரு பிரதி இல்லாததுகளும் அந்த ஒரு கட்டடத்துக்குள் இருந்தன, அதுகள்தான் திரும்பி வராமல் போயின. 1998 இல் மதுரைத் திட்டமும் 2005 இல் நூலகம் திட்டமும் தொடங்கிய ஆட்கள் இதை என்னை விட முதலே விளங்கிக்கொண்டவர்கள்.

இதைச் சொல்லி முடிக்கத்தான் மகன் கசற்றைத் தூக்கினான்.

"இது எத்தனை பிளொப்பி?"

நான் 1992 இல் இங்கே வந்தேன். ஊரில் 1990 இலிருந்து கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரி வராது. அம்மா கடிதம் எழுதுவா, ஆனால் எழுத்தில் அவவுக்கு நம்பிக்கை குறைவு. குரல் கேட்டால்தான் ஆள் உயிரோடு இருப்பது நிச்சயம் என்பா. ஆகவே கசற்றில் கதைத்து அனுப்பத் தொடங்கினா. தம்பி சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, இடையில் டையோட் வைத்து ரேப் ரெக்கோடருக்குக் கொடுப்பான். அவன் உழக்க உழக்க அம்மா கதைப்பா. பிறகு அந்தக் கசற் யாராவது கொழும்புக்குப் போகிறவருடன் கிளாலிக் கடலைக் கடந்து, அங்கேயிருந்து தபாலில் பாரிசுக்கு வரும்.

60 நிமிடக் கசற். ஒரே ஒரு கசற். அது ஐந்து தரம் எனக்கு வந்தது. நாலு தரம் நான் திருப்பி அனுப்பினேன்.

எப்படித் திருப்பி அனுப்பினேன் என்பதுதான் விசயம். அம்மா கதைத்ததை நாலைந்து தரம் கேட்பேன். பிறகு அதற்கு மேலேயே என்னுடைய பதிலைப் பதிவேன். அம்மாவும் அப்படித்தான். ஒருமுறை சொல்லுறா: "உன்ர கதையைப் பத்துத் தரம் கேட்டிட்டுத்தான் தம்பி அதுக்கு மேல கதைக்கிறன். குறை நினைக்காதை."

அம்மாவுக்கு வேறு வழியில்லை. ஊரில் புதுக் கசற் கிடைப்பது குதிரைக்கொம்பு. எனக்கு? லாச்சப்பலில் ஐந்து கசற்றை ஒன்றாகச் சுற்றிய பக்கற் சில பிராங்குக்கு விற்றார்கள். அந்தக் கடைக்கு முன்னால்தான் கிழமையில் ஆறு நாள் வேலைக்குப் போய் வந்தேன். அம்மாவின் கசற்றை வைத்துக்கொண்டு புதுசு ஒன்றில் பதில் பதிந்து அனுப்பியிருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று இவ்வளவு காலமும் யோசித்திருக்கிறேன். கடன் இருந்தது, உண்மைதான். ஆனால் கடன் காரணமில்லை. இனியும் வரும்தானே என்ற நினைப்பு. அம்மா இருக்கிறா, தம்பி உழக்குவான், கசற் வரும்.

ஐந்தாவது கசற் 1995 ஒக்ரோபர் நடுவில் வந்தது. நான் பதில் பதிய முதல், 30 ஆம் திகதி யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. அனுப்புவதற்கு விலாசம் இல்லை. அதனால் மட்டும்தான் அந்தக் கசற் மிஞ்சியது. நான் கவனமாக வைத்திருந்ததால் இல்லை. அம்மா 1997 இல் வன்னியில் காய்ச்சலோடு போய்விட்டா.

அதற்குப் பிறகு கசற்றை நான் கேட்கவில்லை. 2004 இல் ஒரு சிநேகிதன் வயர் ஒன்று தந்து, ரேப்பில் இருந்து கொம்பியூட்டருக்கு எடுக்கலாம் என்றான். பிளொப்பியைப் பிரதி பண்ணும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தேவையில்லை. கசற் அப்படியில்லை. ஒரு மணித்தியாலக் கசற்றை எடுக்க ஒரு மணித்தியாலம் அது ஓடவேண்டும். இருந்து கேட்டேன்.

ஒரு இடத்தில் அம்மாவின் குரல் வரவர மெலிந்து, கீச்சுக் குரலாகி, சின்னப் பிள்ளை கதைக்கிற மாதிரி ஆகும். தம்பி களைத்திருக்கிறான். உழக்கு குறைய மோட்டர் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் ஏறிவிடும். பிறகு "எட, உழக்கடா" என்று அதே கீச்சுக் குரலில் சொல்லுறா. குரல் திரும்பப் பழைய குரலாகும்.

அம்மா 52 நிமிடம் கதைக்கிறா. இரண்டாவது பக்கத்தில் "சரி தம்பி, வைக்கிறன்" என்று டக்கென்று நிற்கும். அதற்கு மேல் அவ பதியாததால், அடியில் கிடந்தது அழியாமல் வருகிறது. நான். முதல் ஆண்டு நான் பதிந்து அனுப்பிய பதிலின் கடைசி எட்டு நிமிடம். "எனக்கு இங்க நல்ல வேலை அம்மா, இருந்து செய்யிற வேலை. நேரத்துக்குச் சாப்பிடுறன்" என்கிறேன். அந்த நேரம் ஒரு ரெஸ்ரோறண்டில் விடிய இரண்டு மணி வரைக்கும் நின்றபடி கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.

மகனுக்கு விடை சொன்னேன். சீடித் தரத்தில் எடுத்தால் அந்த ஒரு மணித்தியாலம் 431 பிளொப்பி. எம்பி3 ஆக்கினால் 57.6 மோ, 40 பிளொப்பி. அம்மா மட்டும் என்றால் 34. அந்தக் காட்டுக்குள் அம்மா 4,444 மணித்தியாலம் கதைக்கலாம். 185 நாள், இரவு பகலாக. இருப்பது 52 நிமிடம். நான் அழித்த நாலு கசற்றையும் சேர்த்தாலும் காட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் வரும்.

2004 இல் எடுத்ததைச் சீடியில் எழுதி, பத்திரமாக உறைக்குள் வைத்தேன். 2013 இல் போட்டால் சீடி வாசிக்கவில்லை. 500 பிளொப்பியை விழுங்கிய சீடி ஒன்பது வருடத்தில் ஊமையாகிவிட்டது. கசற் பாடியது. திரும்பவும் ஒரு மணித்தியாலம் இருந்து எடுத்தேன். இந்த முறை மகன் மூன்று இடத்தில் பிரதி போட்டிருக்கிறான். ஒன்று அந்தக் காட், ஒன்று வீட்டு டிஸ்க், ஒன்று கிளிநொச்சியில் இருக்கிற தம்பியிடம்.

தம்பி கேட்டுவிட்டு போன் எடுத்தான். "அண்ணை, அண்டைக்கு எனக்குக் கால் கழண்டுபோச்சு. நீங்கள் என்னண்டா அதைப் பிரான்சில இருந்து கண்டுபிடிக்கிறியள்."

மகன் இன்னொன்றும் சொன்னான். அந்தக் கீச்சுக் குரல் இடத்தைக் கொம்பியூட்டரில் சரிப்படுத்தலாமாம், இரண்டு நிமிட வேலையாம். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். அது சித்தப்பாவின் கால் என்றேன். அவன் பேசாமல் விட்டுவிட்டான்.

உங்களில் யாராவது வீட்டில் இப்படி ஒரு கசற் வைத்திருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். கசற்றின் மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் சின்னதாய் ஒவ்வொரு பிளாஸ்ரிக் பல்லு இருக்கும். ஒரு ஸ்குறூ டிரைவரால் இரண்டையும் உடைத்துவிடுங்கள். பிறகு ரெக்கோட் பொத்தான் அமத்துப்படாது, தவறுதலாக அதற்கு மேல் பதிய முடியாது. அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, இருந்து கேட்டு, ஒரு பிரதி எடுங்கள். பிறகு இன்னொன்று.

எங்களுடைய கசற்றில் அந்தப் பல்லு இரண்டும் இன்னும் உடையாமல்தான் இருந்தது. 1995 ஒக்ரோபரில் பதில் பதிவதற்காக உடைக்காமல் விட்டது. போன ஞாயிற்றுக்கிழமை மகன்தான் உடைத்தான்.